பூக்கல்லும் மீட்டர் கட்டையும்: விமானி ஆக நினைப்பவரின் திசை உணர்வையும் எதிர்வினை நேரத்தையும் வீட்டிலேயே சோதிக்கும் முறை

என் அக்கா மகள் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். அடுத்த வருஷம் விமானப்படையின் ஏஎஃப்கேட் தேர்வு எழுதப் போகிறாள். கோடை விடுமுறையில் அவளை ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்தது, செல்போனில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்ததுதான். திரை பச்சையானதும் தட்ட வேண்டும். "180 மில்லி செகண்ட், அம்மான்!" என்று ஓடிவந்து காட்டினாள்.

மறுநாள் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம், "மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். யோசிக்காமல் இடது கையை நீட்டினாள். தெற்கே போகிறவருக்கு மேற்கு வலப்பக்கம். ஆக, விரலின் வேகமும் 180, காட்டிய திசையில் தப்பும் 180 டிகிரி.

நான் விமானி இல்லை, பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் அளப்பது எப்படி என்று தெரியும். அந்த விடுமுறையில் வீட்டில் கிடந்த சாமான்களை வைத்தே இருவரும் ஒரு சோதனை வரிசையை உண்டாக்கினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன்

விமானப்படைத் தேர்வில் விமானி பிரிவுக்கென்று தனியாக ஒரு திறன் சோதனை உண்டு. முன்பு பிஏபிடி என்றார்கள், இப்போது கணினி வழியில் நடக்கும் சிபிஎஸ்எஸ். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதற்காக மைசூரு தேர்வு வாரியத்துக்குப் போகிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தவறினால் விமானி பிரிவுக்கு மறுபடி வழியில்லை. அதனால் அந்த வகைக் கேள்வியை அங்கே போய்த்தான் முதல்முதலாகப் பார்ப்பது என்று இருக்கக் கூடாது. பயணிகள் விமானப் பக்கத்திலும், ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இக்ருவா போன்ற பயிற்சி நிலையங்களின் நுழைவுத் தேர்வில் திறன் சோதனை இருக்கிறது.

வீட்டுச் சோதனை இவற்றுக்கு மாற்று ஆகாது. உங்களுக்கு எது வராது என்று காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

வேண்டியவை: ஒரு கோடு போட்ட நோட்டு, 30 செ.மீ. அளவுகோல், மரத்தாலான மீட்டர் கட்டை இரண்டு (ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டால் பழையதைத் தருவார்), தடித்த அட்டை, செல்போனில் ஸ்டாப்வாட்சும் திசைகாட்டியும், சுழலும் நாற்காலி ஒன்று, பொறுமையான உதவியாள் ஒருவர். தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். இதை யாரும் எழுதுவதில்லை. பின்னால் எண்கள் ஏன் தாவுகின்றன என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும்போதுதான் அருமை தெரியும்.

படி 1: விழும் அளவுகோல்

முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி. உதவியாள் அளவுகோலைத் தொங்கவிட்டு, பூஜ்யக் கோடு கட்டைவிரலின் மேல் விளிம்புக்கு நேராக வரும்படி பிடிப்பார். சொல்லாமல் விடுவார். பிடித்த இடத்தில் கட்டைவிரலின் மேல் விளிம்பு எந்த எண்ணில் நிற்கிறது என்று படியுங்கள்.

இதில் தப்பு நடப்பதெல்லாம் உதவியாளிடம்தான். "ரெடி" சொல்லி ஒவ்வொரு தடவையும் இரண்டு செகண்டில் விட்டால், மூன்றாவது முறை மூளை அந்தத் தாளத்தைப் பிடித்துவிடும். ஒரு தடவை ஒரு செகண்ட், அடுத்தது ஐந்து, அடுத்தது மூன்று என்று மாற்றி மாற்றி விட வேண்டும். அப்புறம், பிடிப்பவர் அளவுகோலைப் பார்க்க வேண்டும், விடுகிறவரின் விரலை அல்ல. என் அக்கா அளவுகோலை விடுமுன் ஒவ்வொரு தடவையும் லேசாக மூச்சை இழுத்தாள். மகள் அதை வைத்தே பிடித்துக்கொண்டிருந்தாள்!

தூரத்தை நேரமாக மாற்றுவது சுலபம். தூரத்தை (செ.மீ.) 490-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் செகண்ட் வந்துவிடும். 10 செ.மீ. என்றால் 0.143 செகண்ட், 15 என்றால் 0.175, 20 என்றால் 0.202, 25 என்றால் 0.226. ஐந்து செ.மீ.க்குள் பிடித்தால் ஏறத்தாழ 0.1 செகண்ட், அல்லது அதற்கும் குறைவு. கண் பார்த்து, மூளை சொல்லி, தசை அசைய அந்த நேரம் போதாது. அது ஊகம், அடித்துவிடுங்கள்.

ஐந்து தடவை பழக்கத்துக்கு, அப்புறம் 21 தடவை கணக்குக்கு. ஏன் 21? எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் 11-ஆவது எண்ணை எடுத்தால் போதும். சராசரி வேண்டாம். கை நழுவி அளவுகோல் தரையில் விழுந்த ஒரு தடவை சராசரியையே கெடுத்துவிடும். மிகச் சிறந்த எண்ணையும் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டு 180 அப்படித்தான் வந்தது. ஐம்பது தடவை தட்டியதில் ஒரு தடவை முந்திக்கொண்டிருக்கிறாள்.

செல்போனில் அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் திரை செகண்டுக்கு 60 தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். தொடுதலை உணரவும் போனுக்குத் தனியாக நேரம் பிடிக்கும். அதனால் உங்கள் போன் எண்ணை அடுத்தவர் போன் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

படி 2: எது என்று முடிவுசெய்யும் நேரம்

காக்பிட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்து ஒரே ஒரு பொத்தானை அமுக்கும் வேலை அபூர்வம். எந்த விளக்கு, எந்தக் கை என்று முடிவு எடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தனியே பிரித்தெடுக்கலாம் என்பதை நெதர்லாந்தின் டாண்டர்ஸ் 1868-லேயே காட்டிவிட்டார். முதலில் வெறும் எதிர்வினை, அப்புறம் எது என்று தேர்ந்தெடுத்துக் காட்டும் எதிர்வினை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழி.

இங்கேதான் மீட்டர் கட்டை. 30 செ.மீ. அளவுகோல் போதாது, ஏனென்றால் 0.3 செகண்டில் கட்டை 44 செ.மீ. விழுந்துவிடும், 0.35-ல் 60 செ.மீ. உதவியாள் முக்காலிமேல் நின்று இரு கையிலும் ஒவ்வொரு கட்டையைப் பிடிக்கட்டும். நீங்கள் இரண்டு கையையும் தயாராக வைத்திருங்கள். அவர் ஏதாவது ஒன்றை மட்டும் விடுவார். அந்தக் கை மட்டும் மூட வேண்டும். மற்றக் கை லேசாக மூடினாலும் தவறு என்று எழுதுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், கட்டை கால்விரலில் விழுந்தால் வலிக்கும்.

அவளுடைய முதல் நாள் கணக்கு இது: ஒற்றைக் கட்டையில் நடு எண் 17 செ.மீ., அதாவது 0.186 செகண்ட். இரட்டைக் கட்டையில் 52 செ.மீ., 0.326 செகண்ட். கழித்தால் 0.14 செகண்ட், எந்தக் கை என்று முடிவெடுத்த நேரம். கூடவே 21-ல் 3 தவறு. அந்த மூன்றைத்தான் நான் சிவப்பு மையில் எழுதினேன். நேரத்தைக் குறைக்கச் சொன்னால் யாரும் குறைத்துவிடுவார்கள், தவறு ஏறும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதாத பதிவுக்கு மதிப்பில்லை.

தேர்ந்தெடுக்க வேண்டியவை கூடக் கூட நேரமும் கூடும். ஆனால் நேர் விகிதத்தில் அல்ல. இரண்டு நாலாகும்போது கூடும் அளவும் நாலு எட்டாகும்போது கூடும் அளவும் ஏறத்தாழ ஒன்றே. 1952-ல் ஹிக் கண்ட விதி இது. வீட்டில் எட்டுக் கட்டை பிடிக்க ஆள் கிடையாது என்பதால் இதோடு விட்டோம்.

படி 3: பூக்கல் சோதனை

ஆத்தங்குடிக்காரர்கள் தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் தகட்டு அச்சை நிறுத்தி, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்துவார்கள். கல்லின் முகம் கீழே, கண்ணாடியைப் பார்த்து இருக்கிறது. ஆக, மேலே நின்று ஊற்றுகிறவருக்கு வலப்பக்கம் வளைந்த இலை, கல்லைத் திருப்பிப் பார்க்கும்போது இடப்பக்கம் வளைந்திருக்கும். அந்தக் கைவினைஞர் நாள் முழுக்க கண்ணாடிப் பிம்பத்தில்தான் வேலை செய்கிறார்.

பதித்து முடித்த கூடத்தைப் பாருங்கள். நாலு கல் சேர்ந்து ஒரு பூ. நாலும் ஒரே கல்தான், ஒவ்வொன்றும் 90 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. திருப்பியது வேறு, கண்ணாடிப் பிம்பம் வேறு. இந்த வித்தியாசத்தைக் கல்லைத் தொடாமல் மனசுக்குள்ளேயே கண்டுபிடிப்பதுதான் மனச்சுழற்சி. ஷெப்பர்டு, மெட்ஸ்லர் என்ற உளவியலாளர்கள் 1971-ல் இதை அளந்தார்கள். இரண்டு உருவமும் ஒன்றா என்று சொல்ல ஆகும் நேரம், அவற்றுக்கு இடையே உள்ள கோணம் கூடக் கூட நேர்கோடாக ஏறியது. கையால் திருப்புவது போலவே மனசும் படிப்படியாகத் திருப்புகிறது போலும்.

சோதனைக்குத் தமிழ் எழுத்தே போதும். 'ழ' நல்ல எழுத்து. 'ட' பரவாயில்லை. 'ப' வேண்டவே வேண்டாம், கண்ணாடியில் பார்த்தாலும் அது 'ப'தான். எட்டு அட்டையில் சரியான 'ழ', எட்டு அட்டையில் கண்ணாடிப் பிம்ப 'ழ'. பிம்பம் வரைய, மெல்லிய தாளில் எழுதிப் பின்பக்கத்திலிருந்து படியெடுங்கள். ஒவ்வொரு வகையையும் 0, 45, 90 என்று 315 டிகிரி வரை திருப்பி ஒட்டிக் கலைத்துவிடுங்கள். உதவியாள் ஒவ்வொன்றாகக் காட்ட, "நேர்" அல்லது "பிம்பம்" என்று சொல்ல வேண்டும். ஸ்டாப்வாட்சைக் கையால் அமுக்குவதால் ஓர் அட்டையின் நேரத்தை நம்ப முடியாது. ஒரே கோணத்து அட்டைகளை நாலைந்து சுற்று காட்டி நடு எண்ணை எடுங்கள்.

கோணத்துக்கு எதிராக நேரத்தை வரைபடத்தாளில் குறியுங்கள். 180-ஐ நோக்கி ஏறி மறுபடி இறங்கினால் மனசில் திருப்புகிறீர்கள் என்று அர்த்தம். எல்லாக் கோணத்திலும் ஒரே நேரம் என்றால் சந்தேகப்படுங்கள். வால் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துச் சொல்லும் குறுக்குவழி பிடிபட்டிருக்கிறது. வேறு எழுத்துக்கு மாறுங்கள்.

தலையைச் சாய்த்துப் பார்க்கக் கூடாது. எல்லோரும் சாய்ப்பார்கள், உதவியாள் கவனிக்க வேண்டும்.

படி 4: மேல வீதி, கீழ வீதி

வண்டியில் தப்பிய பாடம் இதுதான் என்பதால் இதில்தான் நாங்கள் அதிக நாள் இருந்தோம்.

நம் ஆட்களுக்குத் திசை நாக்கிலேயே இருந்தது. மேற்கு உயரம், கிழக்கு தாழ்வு என்பதால்தான் மேல வீதி, கீழ வீதி. என் ஆயா, "அந்தத் தூக்குவாளியைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வை" என்பார். இன்றைக்குப் பிள்ளைகள் போனில் நீல அம்பைப் பார்த்து நடக்கிறார்கள். அம்பு எப்போதும் மேலே பார்க்கிறது, உலகம்தான் சுற்றுகிறது.

முதலில் சுட்டுச் சோதனை. வீட்டின் உள்ளே, இரண்டாம் கட்டுப் பகுதியில், வாசல் தெரியாத இடத்தில் உட்காருங்கள். கண்ணை மூடி, உதவியாள் சொல்லும் இடத்தை நோக்கிக் கையை நீட்டுங்கள்: முகப்பு, பேருந்து நிலையம், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை. நீட்டிய கைக்கு நேராகப் போன் திசைகாட்டியை வைத்துப் படித்து, வரைபடத்தில் அளந்த உண்மைத் திசையோடு எத்தனை டிகிரி தப்பு என்று எழுதுங்கள். செட்டிநாட்டு வீட்டில் இரும்புத் தூணும் கர்டரும் இருக்கும் இடங்களில் திசைகாட்டி பொய் சொல்லும். வளவு முற்றத்தின் நடுவே போய் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இதன் கடினமான தம்பி. "நீ பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் காரைக்குடியைப் பார்த்து நிற்கிறாய். தேவகோட்டை எந்தப் பக்கம்?" உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல், அங்கே நிற்பதாக நினைத்துக் காட்ட வேண்டும். இரண்டு சுட்டலிலும் தப்பு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, எண்கள். வடக்கு 360, கிழக்கு 090, தெற்கு 180, மேற்கு 270. விமானி திசையை மூன்று இலக்கமாகச் சொல்வார். ரன்வேக்கும் அதுதான் பெயர், கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு. திருச்சி, மதுரை இரண்டிலும் ரன்வே 09/27. ஒரு முனையிலிருந்து ஓடினால் கிழக்கு, மறுமுனையிலிருந்து மேற்கு. காரைக்குடியிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 250. அங்கிருந்து திரும்பி வரும் திசை? 180 கழிப்பதைவிட, 200 கழித்து 20 கூட்டுவது வாயில் சீக்கிரம் வரும்: 50, அப்புறம் 070. எண் 180-க்கும் கீழே என்றால் 200 கூட்டி 20 கழி.

இருபது கேள்வி எழுதிவைத்து, கேள்விக்குப் பத்து செகண்ட் கொடுங்கள். 350-ல் பறக்கிறாய், 020-க்குப் போக எந்தப் பக்கம் திரும்புவாய்? வலம், 30 டிகிரி. 180-ல் பறக்கிறாய், வலப்பக்கம் நேராகத் தெரியும் ஊர் எந்தத் திசை? 270. இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் பத்து விதமாக மாற்றிக் கேட்டேன், காரணம் உங்களுக்குத் தெரியும்.

படி 5: செயற்கை அடிவானம்

அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, மேல் பாதி நீலம், கீழ் பாதி காவி அடியுங்கள். அதன்மேல் இன்னோர் அட்டையில் ஜன்னல் வெட்டி, நடுவில் அசையாத சின்ன விமானக் கோடு ஒட்டுங்கள். பின்னாலிருந்து வட்டத்தைச் சுழற்றினால் வீட்டு ஆட்டிட்யூட் இண்டிகேட்டர், அதாவது விமானம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, மூக்கு மேலேயா கீழேயா என்று காட்டும் கருவி, தயார்.

விமானம் வலப்பக்கம் சரியும்போது, அடிவானக் கோட்டின் வலது முனை மேலே போகும், இடது முனை இறங்கும். ஏனென்றால் அசைவது நீங்கள்; அடிவானம் இருந்த இடத்தில் இருக்கிறது. முதலில் பார்ப்பவர் பாதிப் பேர் தலைகீழாகச் சொல்வார்கள். பழைய ரஷ்யக் கருவிகளில் அடிவானம் நிற்க விமானச் சின்னம் சரியும். இரண்டுக்கும் பழகிய விமானிகள் குழம்பியதும் உண்டு. உதவியாள் வட்டத்தைச் சாய்த்து, கூடவே ஏற்றி இறக்கி, ஒரு ஹெடிங்கும் (மூக்கு பார்க்கும் திசை) சொல்லட்டும். "இடச் சரிவு, ஏறுகிறது, தென்மேற்கே போகிறது" என்று ஒரே மூச்சில் பதில் வர வேண்டும். விமானப்படையின் பழைய சோதனையில் கருவிப் பகுதி இந்த மாதிரிதான். கருவிகளின் முகத்தைக் காட்டி விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பார்கள்.

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 747, எம்பரர் அசோகா, ஏறிய இரண்டு நிமிஷத்துக்குள் கடலில் விழுந்தது. 213 பேரும் போனார்கள். கேப்டனின் இந்தக் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சரிந்தே இருப்பதாகக் காட்டியது. வெளியே கறுத்த கடல், அடிவானம் தெரியவில்லை. அவர் அதை நம்பி இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். அவருடைய கை வேகத்தில் குறை எதுவும் இல்லை.

எனவே எங்கள் விளையாட்டில் இரண்டாவது வட்டம் ஒன்றும் சேர்த்தோம். பத்தில் ஒரு தடவை இரண்டும் வேறு வேறு காட்டும். அப்போது "பொருந்தவில்லை" என்று சொல்வதுதான் சரியான பதில்.

படி 6: நாற்காலி

இதில் மதிப்பெண் கிடையாது. தலைசுற்றல், காது, கழுத்துப் பிரச்சினை உள்ளவர்களும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாதவர்களும் செய்ய வேண்டாம். பக்கத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டும்.

கண்ணைக் கட்டி, சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, ஆறு செகண்டுக்கு ஒரு சுற்று என்று சீராகச் சுற்றுங்கள். உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதைக் கட்டைவிரலால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 20, 30 செகண்டில் விரல் தயங்கி நேராக நின்றுவிடும், நாற்காலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே. மெதுவாக நிறுத்துங்கள்.

அவள் விரல் உடனே எதிர்ப்பக்கம் திரும்பியது. "அம்மான், ஏன் இப்ப இடப்பக்கமா சுத்துறீங்க?" என்றாள். நாற்காலி நின்று ஐந்து செகண்ட் ஆகியிருந்தது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு எட்டு தள்ளி நின்றேன்.

காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் சுழற்சியின் மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். சீரான சுழற்சி அதற்குத் தெரியாது. மேகத்துக்குள் விமானம் மெதுவாகச் சரிந்தால் காது சும்மா இருந்துவிடும், நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகக் கத்தும். இது எல்லோருக்கும் நடக்கும், நடக்காவிட்டால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெங்களூருவில் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகத்தில் இதை அனுபவிக்க வைப்பதற்கென்றே சிமுலேட்டர் இருக்கிறது. சுற்றும்போது தலையைக் குனியவோ திருப்பவோ சொல்லாதீர்கள், குமட்டல் வந்துவிடும். நின்ற பின் ஒரு நிமிஷம் எழக் கூடாது.

படி 7: எல்லாம் சேர்ந்து

தேர்வு அறையில் கைக்கோலும் கால்மிதியும் கொண்டு நகரும் புள்ளியைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே, நடுவில் எரியும் விளக்கையும் அடிக்கும் ஒலியையும் அணைக்க வேண்டியிருக்கும். அதற்கு வீட்டு மாற்று சிக்குக் கோலம். பெரிதாக இரட்டைக் கோட்டில் வரைந்து, கோட்டைத் தொடாமல் நடுவே பென்சிலை ஓட்டுங்கள். வலது கால் செகண்டுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டிருக்கட்டும். உதவியாள் மூன்று இலக்கத் திசைகளை வாசிப்பார். 180-க்கு மேல் இருந்தால் மட்டும் எதிர்த்திசையைச் சொல்ல வேண்டும், மற்றதற்கு மௌனம்.

முதலில் கோலம் மட்டும் இரண்டு நிமிஷம், அப்புறம் மூன்றும் சேர்த்து இரண்டு நிமிஷம். கோட்டைத் தொட்டது, தட்டு விட்டது, தப்பாகச் சொன்னது, சொல்லக் கூடாததைச் சொன்னது என நாலு கட்டத்தில் எண்ணுங்கள். பெரும்பாலும் முதலில் நிற்பது கால்தான். கால் நின்றுவிட்டது என்பதே செய்கிறவருக்குத் தெரியாது.

நோட்டைப் படிப்பது

முதல் மூன்று நாள் எண்கள் ஏறுவது திறமை அல்ல, பழக்கம். நாலாவது நாளிலிருந்து வருவதைப் பாருங்கள். வெறும் எதிர்வினை நேரம் பெரிதாக மாறாது, 17 செ.மீ. 16 ஆகலாம், 10 ஆகாது. அதற்காக மணிக்கணக்கில் திரையைத் தட்டுவது வீண். முடிவெடுக்கும் நேரம், மனச்சுழற்சி, சுட்டலின் தப்பு ஆகியவை பயிற்சிக்கு இறங்கிவரும். தூக்கம் குறைந்த நாளில் நடு எண்ணைவிட மிக மோசமான மூன்று எண்கள் எவ்வளவு மோசமாகின்றன என்று கவனியுங்கள். தேர்வுக்கு முந்தைய ராத்திரி ரயிலில் உட்கார்ந்தபடியே போவதா, ஒருநாள் முன்னதாகப் போய் அறை எடுத்துத் தூங்குவதா என்பதை அது சொல்லிவிடும்.

அவள் நோட்டில் 24 நாள் இருக்கிறது. விழும் அளவுகோல் 17-ல் தொடங்கி 16-ல் நிற்கிறது. இரட்டைக் கட்டையில் தவறு மூன்றிலிருந்து பூஜ்யம், நேரம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அது எனக்குச் சம்மதம். போன வாரம் திருமயம் வழியாக வண்டியில் வடக்கே போனோம். கேட்காமலேயே பின்னாலிருந்து ஒரு கை என் இடது தோளுக்கு மேலே நீண்டது. "மேற்கு."